நீ முடித்துவைத்த வாக்கியங்கள்

ஜூன் 4

வாயாடிக்கு,

கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கிழி. நீ என்னை போனில் பிளாக் செய்திருக்கிறாய், அது நியாயம்தான். செய்யாமல் இருந்தாலும் நான் போனில் என்ன பெரிதாகப் பேசியிருக்கப் போகிறேன்? மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பேன், யாரோ பொறுக்கி என்று உன் சித்தி திட்டி வைத்திருப்பார்.

சித்தி வீட்டு முகவரியை உன் அக்காவிடம் வாங்கினேன். ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயைத் திறந்து கேட்டாத்தான் குடுப்பேன்" என்றார். கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கும் சேர்த்து எனக்குத் திட்டு விழுந்தது.

நாம் வேலை கேட்டுப் போன அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு காகிதம் வீணாகிவிட்டது. லிஃப்ட் கம்பெனியிலேயே லிஃப்ட் ஓடவில்லை என்று நீ படியில் சிரித்துக்கொண்டே ஏறினாய். சூப்பர்வைசர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார், மூன்றுக்கும் நீ பதில் சொன்னாய். நாலாவதற்கு அவர் பேனாவை மேசையில் வைத்தார். "ஏம்மா, வேலைக்கு வந்தது நீயா, இவனா? இவன் வாய்க்குப் பூட்டு போட்டு சாவி உன் கையிலயா இருக்கு?" சுவரோரம் நின்ற மெக்கானிக் இரண்டு பேரும் சிரித்தார்கள். "யாருடா இது உனக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு இவ யாருன்னே தெரியாது சார். வழியில வந்து ஒட்டிக்கிட்டா."

ஒரு திக்கல் இல்லை. ஒரு இழுவை இல்லை. பதினேழு வருஷத்தில் அவ்வளவு நீளமாக ஒரே மூச்சில் நான் பேசியதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பெயரைச் சொல்லவே அரை நிமிஷம் எடுக்கும் இந்த வாய், உன்னைத் தெரியாது என்று சொல்லும்போது மட்டும் எண்ணெய் போட்ட கதவுபோலத் திறந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய். மூன்று மாடிக்கும் உன் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து வரவில்லை.

பயந்துவிட்டேன். வேறொன்றுமில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டேன். வெட்கத்தில் கண்ணாடி பார்க்காமல் தலை வாருகிறேன், வகிடு கோணலாக இருக்கிறது என்று அம்மா கேட்கிறாள்.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் எனக்குப் பரவாயில்லாமல் இல்லை. போடு.

கோட்டான்


ஜூன் 12

ஏய் கோட்டான்,

அடேங்கப்பா, உனக்குப் பேச வருமா! இது தெரியாமல் நான் இரண்டு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேனே. பஸ்ஸில் உனக்கு டிக்கெட் கேட்டது நான். நூலகத்தில் உன் அபராதத்துக்குச் சண்டை போட்டது நான். உன் மாமா போனில் உனக்குப் புத்தி சொன்னபோது உன்னை மாதிரியே "ம்... ம்..." போட்டதுகூட நான்தான், அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது. இத்தனைக்கும் கடைசியில் எனக்குக் கிடைத்த பட்டம் என்ன? வழியில் வந்து ஒட்டிக்கொண்டவள். நான் என்ன, நாய்க்குட்டியா?

அன்றைக்குப் பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தது, போனது. நான் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து, "எங்கம்மா போகணும்?" என்றார். திரும்பி வர அதே பஸ்ஸில் இன்னொரு டிக்கெட் வாங்கினேன். வீட்டில் தலைவலி என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. சுவரோரம் நின்று சிரித்தானே, நெட்டையன், அவன் நம் வகுப்பு லீடருடைய அண்ணன். சாயங்காலத்துக்குள் வகுப்பு குரூப்பில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பசை. நான் "ஹாய்" என்று ஒரு வார்த்தை போட்டால்கூடக் கீழே பசை டப்பா படமாக வரிசை கட்டி நிற்கிறது. நான் குரூப்பை விட்டு வெளியே வந்தேன். பிறகு ஊரைவிட்டே வந்துவிட்டேன். சித்தி வீட்டுப் பக்கத்தில் ஒரு வருஷப் படிப்பு ஒன்று இருந்தது, சேர்ந்துவிட்டேன். பல் செட் செய்கிற படிப்பு. சிரிக்காதே. மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்கிச் செதுக்கி விரல் நகமெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது.

நீ பயந்தாய் என்று எழுதியிருக்கிறாய். பயந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே. மூடிக்கொண்டு இருப்பதுதான் உனக்குக் கைவந்த கலை ஆயிற்றே!

இனிமேல் எழுதாதே. வேலை கிடைத்ததா? அதற்கு மட்டும் பதில் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்.

இப்படிக்கு,
பசை


ஜூன் 20

வாயாடிக்கு,

அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன். உன் கடிதம் வரும்வரை எனக்கு அந்த விஷயம் தெரியாது. நான் குரூப்பைத் திறந்து பார்ப்பதே இல்லை என்பது உனக்கே தெரியும். அன்றே திறந்தேன். "நான் சொன்னது பொய். துணைக்கு வா என்று கூப்பிட்டதே நான்தான்" என்று எழுதிப் போட்டேன். பதினாறு பேர் சிரித்தார்கள். ஒருத்தன், "கோட்டான் பேசிடுச்சு, மழை வரும்" என்று எழுதினான். லீடர் மட்டும் தனியாக ஒரு "சாரி" அனுப்பினாள், எனக்கு. உனக்கு அனுப்பு என்று பதில் போட்டிருக்கிறேன்.

வேலை கிடைக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "ஜூலை மூணாம் தேதி தனியா வா. வாயையும் எடுத்துட்டு வா" என்றார் சூப்பர்வைசர். அவர் கவலை என்ன என்று இப்போது புரிகிறது. இந்த வேலையில் கம்பியும் கிரீஸும் மட்டும் இல்லையாம். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், திறக்கும்வரை வெளியே நின்று உள்ளே இருப்பவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பேச்சு நின்றால் அவர்கள் கதவைப் பிளக்கப் பார்ப்பார்களாம்.

இனி நான் எழுதப்போவதற்கு நீ கோபப்படுவாய். பட்டுக்கொள்.

எனக்கு டீ பிடிக்காது. இரண்டு வருஷமாக நாம் போகிற கடையில் நான் காபி என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் நிற்பேன். அந்தச் சொல் வெளியே வருவதற்கு முன்பே தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீ, "அண்ணே, ரெண்டு டீ" என்று முடித்துவிடுவாய். குடித்துவிடுவேன். உன்னைப் பார்ப்பதற்கு முன்பெல்லாம் என் வீட்டு நிறுத்தத்தின் பெயர் வாயில் வராது என்பதால், வருகிற பெயருள்ள அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கித் திரும்பி நடப்பேன். அதிலிருந்து நீ என்னைக் காப்பாற்றினாய். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் ஆண்டு விழாவுக்கு முன்னால், அறிவிப்பு வாசிக்கிறாயா என்று மிஸ் என்னைக் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? நீ, "அவனால முடியாது மிஸ், பாவம், விட்டுடுங்க" என்றாய். நான் சரி என்று சொல்ல வாயெடுத்திருந்தேன். அப்போது உன்னிடம் சொல்லவில்லை. எனக்காகத்தானே பேசுகிறாய், உன்மேல் கோபப்படுகிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உன்னைத் தெரியாது என்று சொன்னவன் இதையெல்லாம் எழுத வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

கோட்டான்


ஜூன் 29

கோட்டான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பல்லை உடைத்தேன். என் பல் இல்லை, மெழுகுப் பல். நாள் முழுக்கச் செதுக்கியது. டீ பிடிக்காதாம்! ஒரு தடவை முகத்தைச் சுளித்திருந்தால் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேனா? இப்படியெல்லாம் நாலு நாள் உன்னை மனசுக்குள் வறுத்தெடுத்தேன்.

ஐந்தாம் நாள் ஒன்று நடந்தது. இங்கே புதிதாக ஒரு டாக்டர் பாடம் எடுக்க வந்தார். நாங்கள் பன்னிரண்டு பேர், பிளாஸ்டர் மேசையைச் சுற்றி நின்றோம். "ஒவ்வொருத்தரா உங்களைப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க" என்றார். என் முறை வந்தது. கோட்டான், எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு! ஊரையே விலை பேசுகிற வாய் என்று உன் அம்மா சொல்வார்களே, அந்த வாய் உலர்ந்து போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் இரக்கப்பட்டு, என் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிப் பார்த்து என் பெயரை வாசித்தாள். "கொஞ்சம் கூச்சம் சார் இவளுக்கு" என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அந்தப் பிளாஸ்டர் வாளியை அப்படியே அவள் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. நல்லதுதான் செய்தாள், பாவம்.

அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கோபத்தை நீ இரண்டு வருஷம் டீயோடு சேர்த்து முழுங்கியிருக்கிறாய்.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன். ஆண்டு விழாவுக்கு நீ சரி சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். தெரிந்துதான் குறுக்கே விழுந்தேன். மேடையில் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று பயந்தேன், அது பாதி. மீதிப் பாதி, நீ நன்றாக வாசித்துவிட்டால்? அப்புறம் நான் எதற்கு?

உனக்கு முன்னால் அந்த வகுப்பில் நான் யார், சொல். கடைசி பெஞ்சில் இருந்தவள். வருகைப் பதிவில் என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார்கள். உன் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான், "அவன் என்ன சொல்றான்?" என்று எல்லோரும் என்னிடம் வந்து கேட்டார்கள். "இந்தப் பொண்ணுக்கு என்ன பொறுமை!" என்று மிஸ் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. உனக்காகப் பேசப் பேச எனக்கு வாய் வந்தது. எனக்காகப் பேசு என்றால் ஒரு வரி இல்லை என்னிடம். பிடித்தவன் பேசாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்த பெண்ணை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? வெட்கமாக இருக்கிறது. சித்தி சாப்பிடக் கூப்பிட்டாள், பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் தேதி போ. தனியாகப் போ. உன்னை பிளாக் செய்ததை எடுத்துவிட்டேன், ஆனால் போகிற வழியில் எனக்கு மெசேஜ் அனுப்பாதே. அனுப்பினால் நான், "இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். போய்விட்டு வந்து எழுது.

வாயாடி


ஜூலை 5

வாயாடிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் கடைசியில்.

போனேன். லிஃப்ட் ஓடிற்று, ஆனால் படியில்தான் ஏறினேன். அதே அறை, அதே சுவர், அதே நெட்டையன். சூப்பர்வைசர் என் பெயர் கேட்டார். நான் ஆரம்பித்தேன். நடுவில் அவருக்கு போன் வந்தது, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்தபோதும் நான் அதே எழுத்தில்தான் நின்றிருந்தேன். நெட்டையன் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பெயர் வெளியே வந்து விழுந்தது.

"உள்ள மாட்டிக்கிட்டவன் கத்துறான். நீ வெளிய நிக்கிற. என்ன சொல்லுவ?" என்று கேட்டார்.

"பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி முடித்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ.

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவனே கதவை ஒடச்சுக்கிட்டு வெளிய வந்து உனக்கு ஆறுதல் சொல்லுவான்" என்றார். அறையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது, ஆனால் எழுந்து ஓடவில்லை. பிறகு, கேட்காமலேயே, அன்றைக்கு வந்த பெண்ணை எனக்குத் தெரியும், தெரியாது என்று சொன்னது பொய் என்று சொன்னேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, அது எனக்கு எதுக்குடா?" என்றார். அவருக்கு எதற்கும் இல்லைதான். நெட்டையன் மட்டும் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மூன்று மாசம் பார்க்கிறேன் என்றார். கிரீஸ் போடுவது, கம்பி இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது. மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் வேலை இப்போதைக்கு இல்லை.

இப்போது உன் கடிதத்துக்கு. நீ அவ்வளவையும் எழுதிய பிறகு என்னால் தூங்க முடியவில்லை. என் முதல் கடிதத்தில் ஓர் இடத்தில் நான் உண்மையை எழுதவில்லை. அதை இங்கே எழுதினால் ஒரே வரி, என் கைக்கு அது சுலபம். எழுதித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, நாலு மணிக்கு போன் செய்கிறேன். வாயால் சொல்கிறேன். நேரமாகும்.

கோட்டான்


ஜூலை 13

கோட்டான்,

போனை வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மணி நாலு அடிப்பதற்கு முன்பே நீ கூப்பிட்டாய், நான் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் அவ்வளவு அவசரமாக ஆரம்பித்தும் எவ்வளவு நேரம் பேச்சே இல்லை! உன் மூச்சு. பிறகு "அன்னைக்கு" என்றாய். பிறகு "நான்" என்றாய். அதற்கு மேல் வரவில்லை. பின்னால் உன் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. நீ படும் பாட்டை என்னால் தாங்க முடியவில்லை. "மன்னிச்சுட்டேன் போடா, விடு" என்று சொல்லிவிட்டேன்.

நீ சிரித்தாய். சிரிப்புதானே அது? பிறகு வைத்துவிட்டாய்.

சித்தியிடம், "எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உனக்கு ஜாலியாக நாலு வரி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை.

நீ மன்னிப்புக் கேட்க போன் செய்யவில்லை. அதை நீ முதல் கடிதத்திலேயே கேட்டுவிட்டாய். நீ வேறு ஏதோ சொல்ல வந்தாய். அது நல்ல விஷயமாக இருக்காது என்று உன் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கப் பயந்துபோய் நானே முடித்துவைத்தேன். உனக்காக இல்லை, எனக்காக. எல்லாவற்றையும் எழுதி ஒப்புக்கொண்ட பதினைந்தாம் நாளே மறுபடியும் அதையே செய்திருக்கிறேன். இவளுக்கெல்லாம் எப்போது புத்தி வரும் என்று கேட்காதே, நான் கேட்டுக்கொண்டாயிற்று.

இன்னொரு தடவை கூப்பிடுவாயா?

வாயாடி


ஜூலை 16

வாயாடிக்கு,

அது சிரிப்பு இல்லை.

ஞாயிறு, நாலு மணி.

கோட்டான்


ஜூலை 21

கோட்டான்,

நேற்று நீ சொன்னதை உன் வாயிலிருந்து வந்தபடியே எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் நான் கேட்டது நிஜம் என்று எனக்கு நிலைக்கும்.

"அன்னைக்கு நான் பயந்து சொல்லல. உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிக்க எனக்கு அவமானமா இருந்துச்சு. நீ அங்க இல்லாம இருந்தா போதும்னு இருந்துச்சு. மனசார சொன்னேன். அதனாலதான் திக்கல."

படிக்க ஐந்து வரி. சுவரில் இருக்கிற கடிகாரத்தை நான் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பதினோரு நிமிஷம். சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "லைன் கட் ஆயிடுச்சா?" என்றாள். கையை ஆட்டிப் போகச் சொன்னேன். நடுவில் மூன்று தடவை உன் வாக்கியத்தின் முடிவு என் நாக்கு நுனிக்கு வந்தது. மூன்று தடவையும் கடித்துக்கொண்டேன். நீ முடித்தபிறகு பார்த்தால், மூன்றுமே தப்பு. உன்னை உள்ளும் புறமும் தெரிந்தவள் நான் என்று இரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்து நான் பேச வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. உன் வலி தெரிந்த பெண்ணாக, "பரவால்லடா" என்று சொல்லியிருக்கலாம். நல்ல பேர் கிடைத்திருக்கும். ஆனால் எனக்குப் பரவாயில்லாமல் இல்லை. உன் பக்கத்தில் நின்றதற்காகவே உலகத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்தேன். அங்கேயே என்னைப் பார்த்து நீ கூனிக் குறுகியிருக்கிறாய். அது எங்கே போய்க் குத்தும் என்று உனக்குத் தெரியும்தானே? என் குற்றமும் அதில் இருக்கிறது, அதனால் உன்னை உரக்கத் திட்டவும் முடியவில்லை. நீ அந்தப் பக்கத்தில் இருந்தாய், "என்ன?" என்றுகூடக் கேட்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நீ எனக்காக அதைச் சொல்லவில்லை.

"இன்னும் மன்னிக்க முடியலடா" என்றேன். யாரோ சொல்வதுபோல இருந்தது. என் குரல்தான்.

நீ பதில் சொல்ல ஆரம்பித்தாய். இரண்டே எழுத்து, அதற்கு எவ்வளவு நேரம்! நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். கடைசியில் "சரி" வந்து சேர்ந்தது. உன்னுடைய "சரி"யை முழுசாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வைத்தபிறகு அழுதேன். சித்தி காரணம் கேட்கவில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வீட்டில்தான் இருப்பேன். இந்தத் தடவை நான் கூப்பிடுகிறேன். உன்னிடம் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. எனக்கும் நேரமாகும்.

வாயாடி